அடுத்தவர் ரேடாரை நம்பிச் சுடலாமா? வான் பாதுகாப்பு வலையமைப்பு பற்றி ஒரு விவாதம்

பதிவு 1 · வினாவேந்தன்

வணக்கம். நான் கணினி வலையமைப்புப் பொறியாளன். இராணுவத்தில் இருந்தவன் அல்லன். சில மாதங்களாக வான் பாதுகாப்பு, ஏவுகணைப் பாதுகாப்பு பற்றிப் படித்துவருகிறேன். ஒரு கேள்வி மட்டும் விடாமல் உறுத்துகிறது.

ஓரிடத்து ரேடார் பார்த்ததை வைத்து இன்னோரிடத்து ஏவுகணைப் பிரிவு சுடுவதுதான் ஒருங்கிணைந்த வான் பாதுகாப்பின் உயிர்நாடி என்கிறார்கள். தரவை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குக் கொண்டுசேர்ப்பது எங்கள் தொழிலில் அன்றாட வேலை. ரேடார் தரும் செய்தியோ மிகச் சிறியது: எங்கே, எவ்வளவு வேகம், எந்தத் திசை. ஒரு புகைப்படத்தின் அளவுகூட வராது. அப்படியிருக்க, அமெரிக்கா போன்ற நாட்டுக்கே இதற்குப் பல பத்தாண்டுகள் பிடித்தது ஏன்? எல்லா ரேடார்களையும் ஒரே திரையில் காட்டிவிட்டால் வேலை முடிந்துவிடாதா?

பதிவு 2 · நெய்தல்நிலவன்

நல்ல கேள்வி. இவ்வளவு பாடு எதற்காக என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன், மற்றதை விவரம் அறிந்தவர்கள் சொல்லட்டும்.

பூமி உருண்டையாக இருப்பதுதான் காரணம். ரேடார் அலை ஏறக்குறைய நேர்கோட்டில் போகிறது. வளிமண்டலம் அதைச் சற்றே கீழே வளைக்கிறது. உயரத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 4.12 ஆல் பெருக்கினால் தொடுவானம் எத்தனை கிலோமீட்டர் என்று கிடைக்கும். கப்பலின் ரேடார் 16 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கடலை உரசிக்கொண்டு 4 மீட்டர் உயரத்தில் ஒரு ஏவுகணை வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 16.5, அதோடு 8.2. ஆக, 25 கிலோமீட்டருக்குள் வந்த பிறகுதான் கப்பல் அதைப் பார்க்கவே முடியும். நொடிக்கு 300 மீட்டர் வேகத்தில் வந்தால் எண்பது நொடி. நொடிக்கு 800 மீட்டரானால் அரை நிமிடம்தான். அதற்குள் கண்டு, பகை என்று தெளிந்து, ஏவுகணையைக் கிளப்பி, அது போய் மோதவும் வேண்டும்.

இப்போது 7,600 மீட்டர் உயரத்தில் ரேடார் சுமந்த ஓர் ஈ-2டி ஹாக்ஐ கண்காணிப்பு விமானம் சுற்றிக்கொண்டிருக்கிறது. அதே சூத்திரப்படி அதன் தொடுவானம் 350 கிலோமீட்டருக்கு அப்பால். கப்பலிலுள்ள ஏவுகணைக்குக் கப்பலின் தொடுவானத்தைத் தாண்டிப் பாயத் திறன் உண்டு, பார்ப்பதற்குக் கண்தான் இல்லை. அந்தக் கண்ணைக் கடன் வாங்கும் முயற்சிதான் இவையெல்லாம்.

1996இல் ஹவாயின் கவாய் தீவில் மலைமேல் ரேடார்களை வைத்து இதைச் செய்துகாட்டினார்கள். கடலில் நின்ற லேக் ஈரி என்ற கப்பல், தன் ரேடாருக்குத் தெரியாமல் தொடுவானத்துக்கு அப்பால் பறந்த ஆளில்லா இலக்குகளை எஸ்.எம்-2 ஏவுகணையால் வீழ்த்தியது. 2016 செப்டம்பரில் ஒயிட் சேண்ட்ஸ் சோதனைத் தளத்தில் ஓர் எஃப்-35பி போர்விமானம் கண்ட இலக்கை, அது அனுப்பிய தரவைக் கொண்டே எஸ்.எம்-6 ஏவுகணை வீழ்த்தியது. என்னைப் பொறுத்தவரை இவை இரண்டும் வான் பாதுகாப்பு வரலாற்றில் பெரிய திருப்பங்கள்.

பதிவு 3 · பழையரேடார்

வினாவேந்தன் தம்பி, 28 ஆண்டுகள் ரேடார் பராமரிப்பில் இருந்துவிட்டு ஓய்வுபெற்றவன் நான். நீங்கள் 'எங்கே' என்பதைச் சிறிய செய்தி என்றீர்கள். எனக்குத் தூக்கம் கெட்டதெல்லாம் அந்த ஒரு சொல்லால்தான்.

ஒரு பயிற்சியில் இரண்டு ரேடார்களை முதன்முறையாக இணைத்தோம். இணைப்பு உடனே கிடைத்துவிட்டது. எல்லோரும் கைதட்டினோம். பத்து நிமிடம் கழித்து, எங்கள் சொந்தப் போக்குவரத்து விமானம் ஒன்று திரையில் இரண்டாகத் தெரிந்தது. ஒரே வேகம், ஒரே திசை, ஏறத்தாழ இரண்டு கிலோமீட்டர் இடைவெளி. ஒரு புள்ளியில் நட்பு விமானம் என்ற அடையாளக் குறி இருந்தது, மற்றொன்றில் இல்லை. திரைக்கு முன்னால் உட்கார்ந்திருந்த இளைஞன் எழுந்து நின்றுவிட்டான். அவன் கண்ணுக்குத் தெரிந்தது இதுதான்: நம் விமானத்தின் வாலைப் பிடித்துக்கொண்டு அடையாளம் தெரியாத ஒன்று வருகிறது.

வானில் இருந்தது ஒரே விமானம். இரண்டில் ஒரு ரேடாரை வடக்குக்கு நேர்ப்படுத்தியபோது ஒரு டிகிரி சொச்சம் பிசகியிருந்தது. தனியாக வேலை செய்தபோது அந்தப் பிசகு யாரையும் தொந்தரவு செய்யவில்லை, ஏனென்றால் அந்த ரேடார் தன் தவறுக்குத் தானே ஒத்துப்போயிருந்தது. ஒரு டிகிரி என்பது 100 கிலோமீட்டரில் 1.75 கிலோமீட்டர். இணைத்த அன்றுதான் அந்தத் தவறு அடுத்தவர் வீட்டுக்குள்ளும் போனது.

உங்கள் கம்பியில் ஒரு பிட்கூடத் தவறாமல் போய்ச் சேர்ந்திருக்கும், தம்பி. போய்ச் சேர்ந்தது தவறான இடம்.

பதிவு 4 · வினாவேந்தன்

ஐயா, இதை நான் யோசித்ததே இல்லை. எங்கள் துறையில் அனுப்பியது அப்படியே சேர்ந்தால் எங்கள் பொறுப்பு முடிந்தது.

இரண்டு கேள்விகள். இரண்டில் எந்த ரேடார் தவறு என்று எப்படிக் கண்டுபிடித்தீர்கள்? இரண்டாவது, லிங்க்-16 என்ற இராணுவத் தரவு இணைப்பைப் பற்றி எல்லா இடத்திலும் படிக்கிறேன். அது இருக்கும்போது வேறு வலையமைப்பு எதற்கு?

பதிவு 5 · பழையரேடார்

முதல் கேள்விக்கு விடை சொல்லமாட்டேன். கணக்காகத் தருகிறேன், நீங்களே கண்டுபிடியுங்கள். ரேடார் அ, ரேடார் ஆ, இரண்டுக்கும் இடையே 60 கிலோமீட்டர். மூன்று விமானங்கள், மூன்றும் திரையில் இரட்டையாகத் தெரிகின்றன. முதல் விமானம் அ-வுக்கு 40, ஆ-வுக்கு 80 கிலோமீட்டர் தூரத்தில். இரட்டைப் புள்ளிகளின் இடைவெளி 1.05 கிலோமீட்டர். இரண்டாவது அ-வுக்கு 100, ஆ-வுக்கு 50, இடைவெளி 2.6. மூன்றாவது அ-வுக்கு 20, ஆ-வுக்கு 70, இடைவெளி 0.52. தவறு யாருடையது? எவ்வளவு?

இரண்டாவது கேள்வி. லிங்க்-16 அனுப்புவது தடத்தை. அதாவது, ஒரு ரேடார் பலமுறை பார்த்து, கூட்டிக்கழித்து, 'இதோ ஒரு விமானம், இங்கே இருக்கிறது, இப்படிப் போகிறது' என்று முடிவுக்கு வந்த பிறகு அந்த முடிவை ஊருக்கு அறிவிக்கிறது. நேரத்தைத் துண்டு போட்டுப் பங்கிடும் முறை அது; 12 நொடி கொண்ட ஒரு சுற்றில் 1,536 துண்டுகள், ஒவ்வொன்றும் 7.8125 மில்லிநொடி. ஒரு தடத்தைப் பலர் பார்த்தாலும், யாருடைய தரம் சிறந்ததோ அவர் மட்டும் அறிவிப்பார். வழக்கமாகச் சுற்றுக்கு ஒருமுறை. பன்னிரண்டு நொடியில் நொடிக்கு 300 மீட்டர் போகும் விமானம் 3.6 கிலோமீட்டர் நகர்ந்துவிடும். போர்க்களத்தில் யார் எங்கே என்று அறிய இது அருமையான வசதி. ஏவுகணையை வழிநடத்த இது போதாது.

அமெரிக்கக் கடற்படைக்காக ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் பயன்பாட்டு இயற்பியல் ஆய்வகம் உருவாக்கிய கூட்டு எதிர்கொள்ளல் முறை வேறு வழியில் போனது. அங்கே கப்பல்கள் பரிமாறிக்கொள்வது முடிவை அல்ல, ரேடாரின் அளவீட்டையே. ஒவ்வொரு கப்பலும் எல்லோருடைய அளவீடுகளையும் வாங்கி, ஒரே கணக்கை ஒரே விதமாகப் போடுகிறது. அதனால் எல்லாத் திரைகளிலும் ஒரே படம் எழுகிறது, சுடுவதற்குப் போதிய துல்லியத்துடன். இந்த வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டால் பாதி விஷயம் கைக்கு வந்துவிடும்.

ஆனால் அதுவும் எளிதாக வரவில்லை. 1998இல் இந்த முறையும் ஏஜிஸ் என்ற வான் பாதுகாப்பு அமைப்பைக் கொண்ட கப்பல்களின் புதிய மென்பொருளும் ஒத்துப்போகாமல், ஹியூ சிட்டி, விக்ஸ்பர்க் என்ற இரண்டு கப்பல்களைப் பணிக்கு அனுப்பாமல் துறைமுகத்திலேயே நிறுத்திவைத்தார்கள்.

பதிவு 6 · தேன்மொழி

புள்ளியியல் படித்தவள் என்ற முறையில் ஒன்று சேர்க்கிறேன். அளவீட்டைப் பகிர்வதா, முடிவைப் பகிர்வதா என்பதில் அழகான கணிதம் இருக்கிறது.

ரேடாருக்குத் தூரம் நன்றாகத் தெரியும், கோணம் அவ்வளவு தெரியாது. 100 கிலோமீட்டரில் தூரப் பிழை 10 மீட்டர் என்றால், ஒரு மில்லிரேடியன் (ஆயிரம் மீட்டருக்கு ஒரு மீட்டர் விலகும் கோணம்) கோணப் பிழை பக்கவாட்டில் 100 மீட்டர் ஆகிவிடும். இலக்கு எங்கே இருக்கலாம் என்று வரைந்தால் நெல்மணியைப் போல ஒடுங்கி நீண்ட ஒரு வடிவம் வரும். இன்னொரு ரேடார் வேறு திசையிலிருந்து பார்த்தால் அதன் நெல்மணி குறுக்கே விழும். இரண்டும் வெட்டிக்கொள்ளும் சிறு பரப்பில்தான் இலக்கு. தனித்தனியே எந்த ரேடாருக்கும் இல்லாத துல்லியம் சேர்ந்ததும் பிறக்கிறது! இரண்டு ரேடார்களும் பக்கத்துப் பக்கத்தில் நின்றால் இந்தப் பயன் கிடைக்காது.

முடிவை மட்டும் பகிர்ந்தால் வேறொரு ஆபத்து. அ தன் தடத்தை ஆ-வுக்குச் சொல்கிறது. ஆ அதைத் தன் கணக்கில் சேர்த்து மறுபடி அ-வுக்கே சொல்கிறது. அ அதைப் புதிய சாட்சியாக எண்ணி, 'இரண்டு பேர் சொல்கிறார்கள், ஆகவே உறுதி' என்று நினைத்துக்கொள்கிறது. தான் கிளப்பிய வதந்தி ஊர்சுற்றித் தன் காதுக்கே வந்ததும் அதை நம்பிவிடுவதைப் போன்றது. பிழை குறையாது, பிழை குறைந்துவிட்டது என்ற எண்ணம் மட்டும் வளரும். கணித அளவில் மதிப்பிட்ட பிழைப் பரப்பு பொய்யாகச் சுருங்குகிறது, உண்மை இலக்கு அதற்கு வெளியே போய்விடுகிறது. பொதுவான மூலம் எவ்வளவு என்று தெரியாதபோது, அதற்கேற்ப எச்சரிக்கையாகச் சேர்க்கும் முறைகள் 1990களில் வந்தன. துல்லியத்தில் கொஞ்சம் இழந்து நம்பகத்தைக் காப்பாற்றும் முறைகள் அவை.

பதிவு 7 · மறைகுறி

இடத்தோடு பெயரையும் பேசவேண்டும். வலையமைப்பில் ஒவ்வொரு தடத்துக்கும் ஓர் எண் உண்டு.

1988 ஜூலை 3. பாரசீக வளைகுடாவில் அமெரிக்கக் கப்பல் வின்சென்ஸ், ஈரான் ஏர் 655 என்ற பயணிகள் விமானத்தைச் சுட்டு வீழ்த்தியது. 290 பேர் இறந்தார்கள். காரணங்கள் பல. அவற்றில் ஒன்றைப் பற்றி அதிகம் பேசப்படுவதில்லை. வின்சென்ஸ் அந்த விமானத்துக்கு 4474 என்ற எண்ணைக் கொடுத்திருந்தது. அருகிலிருந்த சைட்ஸ் என்ற கப்பல் அதே விமானத்துக்கு 4131 என்று கொடுத்திருந்தது. இரண்டும் ஒன்றே என்று கணினி சரியாகவே கண்டறிந்து, பொது எண்ணாக 4131ஐ வைத்துக்கொண்டது. 4474 விடுபட்டு, தொலைவில் இருந்த வேறொரு விமானத்துக்குப் போய்விட்டது. சில நிமிடங்கள் கழித்து, 4474 என்ன செய்கிறது என்று கப்பல் தலைவர் கேட்டார். அந்த எண்ணில் இப்போது இருந்த விமானம் இறங்கிக்கொண்டிருந்தது என்று பின்னர் வந்த ஆய்வுகள் காட்டின. ஈரான் ஏர் ஏறிக்கொண்டிருந்தது.

கணினி தவறே செய்யவில்லை என்பதுதான் என்னை உலுக்கும் செய்தி. பெயர் மாறியது மனிதர்களுக்குப் போய்ச் சேரவில்லை, அவ்வளவுதான்.

பதிவு 8 · வினாவேந்தன்

படித்துவிட்டுச் சற்று நேரம் எழுதவே கை வரவில்லை. எங்கள் துறையிலும் விடுபட்ட முகவரியை உடனே வேறொருவருக்குக் கொடுப்பது உண்டு. அதனால் வரும் சிக்கல்களைப் பார்த்திருக்கிறேன். ஆனால் அங்கே யாரும் இறப்பதில்லை.

நேரம் பற்றியும் சொல்லுங்கள், ஐயா. கடிகாரங்களை ஒத்திசைப்பது எங்களுக்குத் தெரிந்த வேலை என்று எழுத வந்தேன், இப்போது தயக்கமாக இருக்கிறது.

பதிவு 9 · பழையரேடார்

தயங்க வேண்டாம், நேரத்தில் உங்கள் அறிவு கட்டாயம் கைகொடுக்கும்.

1940இல் பிரிட்டன் இதை எப்படிச் சமாளித்தது தெரியுமா? கட்டுப்பாட்டு அறையின் சுவர்க் கடிகாரத்தில் ஐந்து ஐந்து நிமிடங்களுக்குச் சிவப்பு, மஞ்சள், நீலம் என்று மாறி மாறி வண்ணம் பூசியிருந்தார்கள். செய்தி வந்தபோது நிமிட முள் எந்த வண்ணத்தில் நின்றதோ, அந்த வண்ணக் குறியை மேசை வரைபடத்தில் வைப்பார்கள். முள் நீலத்தில் இருக்கும்போது மேசையில் சிவப்புக் குறி கிடந்தால் அது பழைய செய்தி என்று பார்த்தவுடன் தெரியும். ஒவ்வொரு தகவலும் தன் வயதை உடம்பில் எழுதிக்கொண்டே வரவேண்டும் என்று அன்றே புரிந்துகொண்டவர்கள் அவர்கள். பல ரேடார் நிலையங்களின் செய்திகளைச் சலித்து, ஒன்றே இரண்டாகத் தெரிவதைக் களைவதற்கென்றே போர்விமானப் பிரிவின் தலைமையகமான பென்ட்லி பிரையரியில் தனியாக ஓர் அறை வைத்திருந்தார்கள். இன்றைய ஒருங்கிணைப்பின் முன்னோடி அதுதான் என்பேன்.

ஆனால் அந்தப் பாடத்துக்கு முன்பே உயிர் போயிருந்தது. பிரிட்டன் போரில் இறங்கி மூன்றே நாளில், 1939 செப்டம்பர் 6, பார்க்கிங் கிரீக் நிகழ்ச்சி. பகை விமானம் என்ற தவறான செய்தியால் எழுந்த சொந்த விமானங்களே பகையாகத் தெரிந்து, பிரிட்டனின் ஸ்பிட்ஃபயர் போர்விமானங்கள் தம் படையின் ஹரிகேன் போர்விமானங்கள் இரண்டை வீழ்த்தின. ஒரு விமானி இறந்தார்.

அடுத்தது 1991 பிப்ரவரி 25, சவூதி அரேபியாவின் தஹ்ரான். பேட்ரியட் என்ற அமெரிக்க வான் பாதுகாப்பு ஏவுகணைப் பிரிவின் கணினி நேரத்தைப் பத்தில் ஒரு நொடிகளாக எண்ணியது. பத்தில் ஒன்றை இரும எண்ணில் முழுமையாக எழுத முடியாது. 24 பிட்டில் வெட்டினால் மிகச் சிறிய பிழை மிஞ்சும். நூறு மணி நேரம் தொடர்ந்து ஓடியதில் அது 0.34 நொடியாகச் சேர்ந்துவிட்டது. ஈராக் ஏவிய ஸ்கட் ஏவுகணையின் வேகத்தில் அது ஏறத்தாழ 700 மீட்டர். ரேடார் வேறிடத்தில் தேடியது. ஏவுகணை படைவீரர்களின் தங்குமிடத்தில் விழுந்தது. 28 பேர் இறந்தார்கள். திருத்திய மென்பொருள் மறுநாள்தான் வந்துசேர்ந்தது.

ஒரே கருவிக்குள்ளேயே இப்படி நடந்தது, தம்பி. பத்துக் கருவிகளை இணைத்தால் பத்துக் கடிகாரங்கள்.

பதிவு 10 · நெய்தல்நிலவன்

பழையரேடார் ஐயா மீது எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. ஆனாலும் இந்த இழை போகும் போக்கு எனக்கு உடன்பாடில்லை. படிப்பவர்கள் 'இணைப்பதே ஆபத்து' என்று நினைத்துவிடுவார்கள். இணைக்காததால் இறந்தவர்களையும் எண்ணிப் பாருங்கள்.

2003 மார்ச் 23. ஈராக்கிலிருந்து திரும்பிக்கொண்டிருந்த பிரிட்டனின் டொர்னேடோ விமானத்தைக் குவைத் எல்லை அருகே ஒரு பேட்ரியட் பிரிவு வீழ்த்தியது. இருவர் இறந்தார்கள். விமானத்தின் அடையாளக் கருவி வேலை செய்யவில்லை. ரேடாரைத் தாக்கும் ஏவுகணை என்று கணினி அதை வகைப்படுத்தியது. இவற்றோடு பிரிட்டன் விசாரணை சொன்ன இன்னொன்று: அந்தப் பிரிவின் தகவல்தொடர்புக் கருவிகள் அமெரிக்காவிலிருந்து இன்னும் வந்துசேரவில்லை. தலைமையகத்துடன் நேரடித் தரவு இணைப்பு இல்லாமல், பக்கத்துப் பிரிவின் வழியாக வானொலியில் பேசிக்கொண்டிருந்தார்கள். அகன்ற படம் ஒன்று அவர்கள் முன் இருந்திருந்தால்? பத்து நாளில், ஏப்ரல் 2 அன்று, அமெரிக்காவின் சொந்த எஃப்/ஏ-18 விமானமும் அதேபோல் வீழ்ந்தது.

நீண்டதூர ஏவுகணைகளைப் பொறுத்தவரை வேறு வழியே இல்லை. 2020 நவம்பரில் ஜான் ஃபின் என்ற கப்பல் கண்டம்விட்டுக் கண்டம் பாயும் வகையிலான இலக்கு ஒன்றை எஸ்.எம்-3 ஏவுகணையால் விண்ணில் வீழ்த்தியது, பிற சென்சார்கள் தந்த தரவை வைத்தே. தன் கண்ணால் பார்க்கும்வரை காத்திருந்தால் அந்தக் கப்பலுக்கு நேரம் போதாது.

பதிவு 11 · பழையரேடார்

ஒப்புக்கொள்கிறேன். என் அனுபவம் முழுக்கப் பழுதுகளோடு கழிந்தது, அதனால் என் பேச்சும் அந்தப் பக்கமே சாய்கிறது. இணைக்கத்தான் வேண்டும்.

நீங்கள் சொன்னதற்கு இன்னொரு சாட்சியும் உண்டு. 2020 ஜனவரி 8, தெஹ்ரானுக்கு அருகே உக்ரைன் பயணிகள் விமானம் வீழ்த்தப்பட்டு 176 பேர் இறந்தார்கள். ஏவுகணை வாகனத்தை வேறிடத்துக்கு நகர்த்திய பிறகு வடக்கைச் சரியாக அமைக்கவில்லை, திசை நூறு டிகிரிக்கும் மேல் பிசகியிருந்தது என்று ஈரானின் அறிக்கையே சொல்கிறது. விமான நிலையத்திலிருந்து எழுந்த விமானம் வேறு திசையிலிருந்து தங்களை நோக்கி வருவதாகத் தெரிந்தது. கட்டளை மையத்துடனும் தொடர்பு கிடைக்கவில்லை. அனுமதி இல்லாமலே சுட்டார்கள். நான் சொன்ன கோளாறும் நீங்கள் சொன்ன கோளாறும் ஒரே இரவில் சேர்ந்தன.

ஆகவே நான் வற்புறுத்துவது ஒன்றைத்தான். இணைப்பு அறுந்தால் என்ன செய்வது என்பதை இணைப்பதற்கு முன்பே எழுதிவைத்துப் பழக்கியிருக்க வேண்டும். ஆணைகளில் மூன்று நிலைகள் உண்டு: தற்காப்புக்கோ நேரடி ஆணைக்கோ அன்றிச் சுடாதே, பகை என்று உறுதியானால் மட்டும் சுடு, நட்பு என்று உறுதியாகாத எதையும் சுடலாம். தொடர்பு போனதும் ஒரு பிரிவு இவற்றில் எதற்குத் தானாக மாறவேண்டும்? வானில் சொந்த விமானங்களும் பயணிகள் விமானங்களும் நிறைந்திருக்கும் இடத்தில் முதல் நிலையை நோக்கித்தான் போகவேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். அதனால் ஓர் ஏவுகணை தப்பி உள்ளே வரலாம் என்பதும் எனக்குத் தெரியும்.

பதிவு 12 · ஊர்க்குருவி

அமெரிக்கத் தரைப்படையின் ஐ.பி.சி.எஸ். என்ற ஒருங்கிணைந்த போர்க் கட்டளை முறை பற்றி யாரும் சொல்லவில்லை. ரேடார், கட்டளை மையம், ஏவுகலம் என்று ஒரு பிரிவே ஒரு தொகுதியாகப் பூட்டிக் கிடந்ததை அவிழ்த்து, எந்த ரேடார் கண்டாலும் எந்த ஏவுகலமும் சுடலாம் என்று ஆக்குவதே அதன் நோக்கம். 2016 சோதனையில் மென்பொருள் அடிக்கடி நின்றுபோய், திட்டமே தள்ளிப்போனது. 2020இல் ஒயிட் சேண்ட்ஸில் படைவீரர்களே இயக்கிய சோதனையில் தேறியது. 2023இல் முழு உற்பத்திக்கு ஒப்புதல் கிடைத்தது. போலந்து 2018இலேயே பேட்ரியட்டுடன் சேர்த்து இதை வாங்க ஒப்பந்தம் போட்டுவிட்டது.

எனக்கு இதில் பிடித்தது, ஒரு ரேடார் அழிந்தாலும் அதன் ஏவுகலங்கள் கண்ணிழந்து நிற்காது என்பது. பழைய முறையில் ஒரு ரேடாரை அடித்தால் பிரிவு முழுவதும் போயிற்று. இன்னொரு நன்மை, ஒரே இலக்கின்மேல் இரண்டு பிரிவுகள் தெரியாமல் சுட்டு ஏவுகணைகளை வீணடிப்பது குறையும். பகைவன் நூற்றுக்கணக்கில் அனுப்பும் காலம் இது. 2024 ஏப்ரலில் ஓர் இரவில் 300க்கும் மேற்பட்ட டிரோன்களும் ஏவுகணைகளும் இஸ்ரேலை நோக்கி வந்ததைப் பார்த்தோம்.

பதிவு 13 · வினாவேந்தன்

ஐயா, கணக்கைப் போட்டுவிட்டேன்.

முதலில் ஒரே விமானத்தை வைத்து முயன்றேன், முடியவில்லை. இருவரில் யார் மீதும் பழி போடலாம். பிறகு ஒவ்வொரு இடைவெளியையும் தூரத்தால் வகுத்துப் பார்த்தேன். ஆ-வின் தூரங்களால் வகுத்தால் 0.013, 0.052, 0.007 என்று ஒன்றுக்கொன்று ஒட்டாமல் வருகிறது. அ-வின் தூரங்களால் வகுத்தால் மூன்று விமானங்களுக்கும் 0.026. அதைக் கோணமாக்கினால் 1.5 டிகிரி. ஆக, ரேடார் அ தன் வடக்கை 1.5 டிகிரி தவறாக வைத்திருக்கிறது.

ஒரு சந்தேகம். தவறு திசையில் இல்லாமல் கடிகாரத்தில் இருந்தால் இதே மாதிரி இரட்டைப் புள்ளிகள் வராதா? அதை எப்படிப் பிரித்தறிவது?

பதிவு 14 · பழையரேடார்

விடை சரி. சந்தேகம் அதைவிடச் சிறப்பு.

கடிகாரத் தவறானால் இரட்டைப் புள்ளி விமானம் போகும் பாதையிலேயே முன்னும் பின்னுமாக விழும். இடைவெளி வேகத்தைப் பொறுத்து மாறும், தூரத்தைப் பொறுத்து அல்ல. திசைத் தவறானால் ரேடாரிலிருந்து இலக்குக்குப் போகும் கோட்டுக்குக் குறுக்கே விழும். அதனால்தான் பல திசைகளில் பறக்கும் பல விமானங்களை வைத்துச் சரிபார்ப்போம்.

எங்கள் பயிற்சியில் தவறு திசையில்தான் இருந்தது. கண்டுபிடிக்க மாலை ஆகிவிட்டது. ரேடார் வண்டிக்கு மிக அருகில் நின்று காந்தத் திசைமானியைப் பார்த்திருந்தார்கள். வண்டியின் இரும்பு ஊசியை இழுத்திருந்தது. நாற்பது அடி தள்ளிப் போய் நின்று மறுபடி அளந்து, எண்ணை மாற்றினோம். காலையில் எழுந்து நின்ற அதே இளைஞன்தான் திரைக்கு முன்னால் இருந்தான். இரண்டு புள்ளிகளும் மெல்ல நெருங்கி ஒன்றாயின. அவன் கையை மேசையிலிருந்து எடுத்தான்.